ஜெபச் சீட்டின் பின்பக்கம்

போன ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். எங்கள் கம்பெனியில் கன்னியப்பன் அண்ணனின் துண்டை மிக்ஸருக்குள்ளிருந்து நார் நாராக எடுத்துப் போட்டார்கள். அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் முதலில் அவர் காலைத்தான் பார்த்தேன். இரண்டு காலும் இருந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய் சொன்னது. மனசு அதைச் சொல்லவில்லை. "பியூலா, நீ மாட்டிக்கிட்டே" என்றுதான் மனசு சொன்னது.

ஏன் என்று சொல்கிறேன். இதைப் படிக்கிற சகோதர சகோதரிகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். சபையில் மைக்கைக் கையில் கொடுத்தால் "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிற ஆள் நான். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். இதில் ஆண்டவர் செய்த நன்மையும் இருக்கிறது, நான் செய்த அசிங்கமும் இருக்கிறது. ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல எனக்கு வரவில்லை.

என் வீடு தாம்பரம் கிழக்கில், சேலையூரில். கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முடிச்சூர் பக்கம் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அரைத்து, கலந்து, பாக்கெட் போடுகிற இடம். கலப்பதற்கு மூன்று மிக்ஸர் உண்டு. வீட்டு மிக்ஸி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இரும்புத் தொட்டி. உள்ளே சுருள் சுருளாக இரும்புப் பட்டை. சாம்பார்ப் பொடியை முடித்துவிட்டு கரம் மசாலா போடவேண்டும் என்றால், நடுவில் ஒரு ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டித் துடைக்க வேண்டும். அந்த ஆள் கன்னியப்பன் அண்ணன்.

இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன்னுடைய பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். பிறகு மேனேஜர் நேரில் வந்து பூட்டை இழுத்துப் பார்த்து, பெர்மிட் தாளில் மணி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கு அப்புறம்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

எங்கள் மேனேஜர் தேவராஜ் சார். அவரைப் பற்றி நல்லதை முதலில் சொல்லாவிட்டால் ஆண்டவர் என்னை மன்னிக்க மாட்டார். அந்த மிக்ஸர்களை வாங்கிப் பொருத்தி ஓட்டிக் காட்டியவர் அவர்தான். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். என் வீட்டுக்காரர் போய் மூன்றாவது மாதம், கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாத எனக்கு வேலை கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

ஆனால் இரண்டு வருஷமாக சார் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குப் போய்விட்டு வருவார். கையில் பச்சை நிறக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இருக்கும். எங்கள் இடத்தில் மிளகாய் நெடியில் மற்ற எந்த வாசனையும் அமுங்கிவிடும். கண் சிவந்திருக்கிறதே என்று யாரும் கேட்கவும் முடியாது. அங்கே எல்லாருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். இருந்தாலும் ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருக்க எல்லாரும் பழகிவிட்டோம்.

மதியத்துக்கு மேல் மிக்ஸர் பக்கம் நடந்து வர அவரால் முடியவில்லை. அதனால் வாரம் முழுவதற்கும் வேண்டிய பெர்மிட் தாள்களில் திங்கட்கிழமை காலையிலேயே கையெழுத்துப் போட்டு என் மேஜையில் வைத்துவிடுவார். அண்ணன் இறங்கும்போது நான் மணியை மட்டும் எழுதுவேன். "பூட்டு சரிபார்த்தது, மணி 2.40." யார் சரிபார்த்தது? யாரும் இல்லை. நான் ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். சொன்னதை எழுதுகிற குமாஸ்தா நான், என் மேல் என்ன தப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு அவசர ஆர்டர். சார் காரிலிருந்து நேராக உள்ளே வந்தார். அவரிடம் எல்லாப் பூட்டுக்கும் டூப்ளிகேட் சாவிக் கொத்து உண்டு. இரண்டாம் நம்பர் சுவிட்சில் அண்ணனின் பூட்டு தொங்கியது. அதைத் திறந்து எறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டார். அண்ணன் அப்போதுதான் வேலையை முடித்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை வெளியே எடுத்திருந்தார். தோளில் இருந்த துண்டு உள்ளே விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. காலை எடுக்க இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை நான் எழுதவேண்டியதில்லை.

சாயங்காலம் சார் என் மேஜைப் பக்கம் வந்து, "பியூலா, பெர்மிட் எல்லாம் சரியா இருக்கு இல்லம்மா?" என்றார். "இருக்கு சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. சொன்னால் வேலை போகும். வேலை கொடுத்தவரையே காட்டிக் கொடுத்தவள் என்ற பேர் வரும். சொல்லாவிட்டால் இன்னொரு செவ்வாய்க்கிழமை வரும். கன்னியப்பன் அண்ணன் எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு வேறு வழியாகப் போனேன். சோறு இறங்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோழையாக நான் என்னைப் பார்த்ததில்லை.

ஞாயிறு சாயங்காலம் சேலையூரில் ஒரு சகோதரியின் மாடி ஹாலில் பெண்கள் ஜெபம் நடக்கும். பல சபைகளிலிருந்தும் வருவார்கள். அங்கே ஒரு வழக்கம். பாரத்தைப் பேர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி எவர்சில்வர் தூக்கில் போட வேண்டும். கடைசியில் ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு வாரம் அதற்காக ஜெபிக்க வேண்டும். யாருடையது என்று கேட்கக் கூடாது. நான் கைப்பையைத் துழாவினேன். கம்பெனித் தாள் ஒன்று கிடந்தது. தப்பாக எழுதி வீணாய்ப்போன பெர்மிட்டை நாலாகக் கிழித்துத் துண்டுச் சீட்டாக வைத்துக்கொள்வது என் சிக்கன புத்தி. அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். "வேலை நேரத்தில் குடிக்கிற என் மேலதிகாரியை ஆண்டவர் அந்த இடத்தை விட்டு அகற்ற வேண்டும். ஒரு உயிர் போவதற்குள் செய்ய வேண்டும்." மடித்துத் தூக்கில் போட்டேன். பாரம் இறங்கினது போல் இருந்தது. என் வேலை முடிந்தது, இனி கர்த்தர் பாடு என்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரம் எதுவும் நடக்கவில்லை. சார் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். நான் மணி எழுதினேன்.

அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார்கள். பள்ளிக்கரணையிலிருந்து பஸ் மாறி வருவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"சிஸ்டர், நீங்க மசாலா கம்பெனியிலயா வேலை செய்றீங்க? ஆபீஸ்ல பியூலா பியூலான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். அது நீங்கதானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பைபிளைத் திறந்து என் சீட்டை எடுத்தார்கள். திருப்பினார்கள். பின்பக்கத்தில் பெர்மிட்டின் ஒரு துண்டு, ‘மிக்ஸருக்குள் இறங்குபவர்’ என்று அச்சடித்த இடம். மணி 2.40. அதன் கீழே தேவராஜ் சாரின் கையெழுத்து.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கையெழுத்தைப் பாக்கறேன். பசங்க ரேங்க் கார்டுல பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பேர் போடாமல் எழுதினால் போதும் என்று நினைத்த முட்டாள், அவர் பேரையே பின்பக்கம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் யார் கையில்! சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னை ஹாலின் மூலைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

"மொதல் மூணு நாள் நான் ஜெபம் பண்ணல. உங்க மேல அவ்ளோ கோவம். எங்க சபையில எல்லாருக்கும் அவரைத் தெரியும், யார்கிட்டயும் சொல்ல முடியலன்னுதான் இவ்ளோ தூரம் வரேன். இங்கயும் வந்து இதுவான்னு இருந்துச்சு. நானும் வாரா வாரம் என் புருஷன் குடியை விடணும்னுதான் சீட்டு எழுதறேன். பாட்டிலை ஒளிச்சு வெச்சுப் பாத்தேன், தண்ணி கலந்து பாத்தேன். வீட்டோட போற பிரச்சனைன்னு நெனச்சேன். அவர் வேலை செய்ற எடத்துல ஒருத்தர் மெஷினுக்குள்ள எறங்குறார்னு எனக்குத் தெரியாது, பியூலா."

நான் அழுதேன். அழுதால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நினைப்பும் உள்ளே இருந்தது, மறைக்கவில்லை. அவர்கள் விடவில்லை. சீட்டை என் மடியில் வைத்து ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

"கையெழுத்து அவரோடது. மணி எழுதினது யாரு?"

இரண்டு பக்கமும் ஒரே எழுத்து. ஒரு பக்கம் ஜெபம், மறு பக்கம் பொய். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுருக்கென்று தைத்திருக்காது. ஆண்டவரே, அவரை அகற்றும் என்று கேட்ட அதே கைதானே ஒவ்வொரு நாளும் கன்னியப்பன் அண்ணனை உள்ளே அனுப்பியது!

அன்றைக்கே, அந்த ஹாலிலேயே, முதலாளிக்குக் கடிதம் எழுதினோம். "மேனேஜர் தேவராஜ் அவர்கள் பணி நேரத்தில்" என்று நான் ஆரம்பித்தேன். அக்கா தாளைப் பிடுங்கினார்கள். "மொதல்ல நீ என்ன செஞ்சேன்னு எழுது. உன்னைப் பத்தி உண்மை எழுதினாதான் அவரைப் பத்தி எழுதறதை நம்புவாங்க." எழுதினேன். அந்த முதல் பாராவை எழுதி முடித்ததும் என் பயத்தில் பாதி போய்விட்டது. ஒளித்து வைக்க இனி ஒன்றும் இல்லையே!

"அவருக்கு வேலை போயிட்டா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"போவட்டும். மொதல்ல எங்க வீட்டு ஆளு உசுரோட இருக்கணும். உங்க கம்பெனி ஆளும் உசுரோட இருக்கணும். மத்ததெல்லாம் அப்பறம்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை அவர்கிட்ட இன்னைக்குச் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு ஒரு நாள் ஒழுங்கா வருவார், நீ பொய் சொன்ன மாதிரி ஆயிடும். முதலாளி கேட்டா என் போன் நம்பரைக் குடு, நான் பேசறேன்" என்றார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், எத்தனை ஊழியக்காரர்களைப் பார்த்திருப்பேன். சேலையூர் மாடியில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்தபடி தன் வீட்டு அடுப்பையே பணயம் வைத்த அந்தப் பெண்மணியைப் போல் விசுவாசம் உள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கன்னியப்பன் அண்ணனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் மணி எழுதினதையும் சேர்த்து. மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மேடம், இப்பத்தான் தோணிச்சா உனுக்கு? நீ ஆபீஸ்ல குந்திகினு மணி எழுதுறது எனுக்குத் தெரியாதா? அதான் துண்டு மாட்டின அன்னிக்கே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயி வேற பூட்டு வாங்கியாந்துட்டேன். அதுக்குச் சாவி எங்கிட்ட மட்டும்தான் கீது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் சீட்டு எழுதித் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த வாரத்தில் இந்த மனுஷர் போய்ப் பூட்டு வாங்கியிருக்கிறார். கடிதத்தில் என் பேருக்குக் கீழே கையெழுத்துப் போடுவாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "குடு" என்றார், அவ்வளவுதான். காண்ட்ராக்ட் ஆள். நாளைக்கு வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு வேலை இல்லை. அதெல்லாம் அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

பதினோரு மணிக்கு முதலாளி படித்தார். இரண்டு தடவை படித்தார். சாரைக் கூப்பிட்டார். சாருக்குக் கோபம் வந்தது. "நான் கூட்டியாந்து வேலை போட்டுக் குடுத்த பொண்ணு சார் இது" என்று என்னைக் கைகாட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. உள்ளுக்குள் ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. முதலாளி கன்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் கையில் புதுப் பூட்டோடு வந்து நின்றார். "சாரு தங்கமான மனுஷன் சார். மத்தியானத்துக்கு மேலதான் வேற ஆளு. அன்னிக்கு நான் காலை எடுத்துட்டேன், அதனால உங்க முன்னாடி நின்னுகினு பேசுறேன்" என்றார்.

சார் அவரையே பார்த்தார். "என்னைக்கு?" என்றார்.

"துண்டு மாட்டிச்சே சார், அன்னிக்கு."

"நீ உள்ள இருந்தியா?"

சாருக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. துண்டும் ஞாபகம் இல்லை, பூட்டைத் திறந்ததும் ஞாபகம் இல்லை, என்னிடம் வந்து பெர்மிட் சரியாக இருக்கிறதா என்று கேட்டதும் ஞாபகம் இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பியூலா எழுதினது எல்லாம் உண்மை சார். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். குடித்துக் கெட்ட மனுஷர்தான். ஆனால் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்ல வரும்? எனக்கு வேலை கொடுத்தபோது இருந்த பழைய சாரை நான் அப்போது பார்த்தேன்.

முதலாளி என்னைச் சும்மா விடவில்லை. அது நியாயம்தான். எழுத்து மூலமாகக் கண்டித்து, ஆறு மாதம் பாக்கெட் போடுகிற பிரிவில் நிற்க வைத்தார். பகலெல்லாம் தும்மித் தும்மி மூக்கு எரிந்தது. வந்து படுத்தால் தூக்கம் மட்டும் குழந்தை மாதிரி வந்தது. சார் விடுப்பில் போனார். ஸ்டெல்லா அக்கா அவரைக் குடி நிறுத்துகிற சிகிச்சைக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சாட்சி சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. நடுவில் ஒரு தடவை சறுக்கினார். அக்கா போனில் அழுதார்கள், நாங்கள் இருவரும் போனிலேயே ஜெபித்தோம். மறுநாள் அவரே எழுந்து சிகிச்சைக்குக் கிளம்பினாராம்.

நாலு மாதம் கழித்து சார் திரும்பி வந்தார். மேனேஜராக இல்லை, ஸ்டோர் ரூம் பொறுப்பாளராக. இப்போது பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவர் மிக்ஸர் பக்கத்தில் நின்று, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். சார் வந்த இரண்டாம் நாள் முதலாளியிடம் கேட்டு அந்தப் பழைய சாவிக் கொத்தை வாங்கினார். ஒவ்வொரு ஆளையும் தேடிப்போய், அவரவர் பூட்டின் இரண்டாவது சாவியை அவரவர் கையிலேயே கொடுத்தார். கன்னியப்பன் அண்ணனிடம் வந்தபோது அண்ணன், "எனுக்கு வேணாம் சார், நான் அந்தப் பூட்டைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்று சிரித்தார். சார் சிரிக்கவில்லை. "பூட்டு இல்லன்னாலும் வாங்கிக்கப்பா. எங்கிட்ட இருக்கக் கூடாது" என்று இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பாக்கெட் பிரிவிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகாய் நெடிதான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். நான் கேட்டபடி கேட்கவில்லை. ஒருவரை அகற்றச் சொன்னேன். ஆண்டவர் மூன்று பேரைக் காப்பாற்றினார். ஒருவர் அண்ணன், ஒருவர் சார், இன்னொருத்தி நான். ஸ்டெல்லா அக்கா இப்போதும் ஞாயிறு தோறும் வருகிறார்கள். கடைசி வரிசையில் இல்லை, என் பக்கத்தில் உட்காருகிறார்கள். அந்தச் சீட்டு அவர்கள் பைபிளில்தான் இருக்கிறது. கேட்டேன், தர மாட்டேன் என்கிறார்கள்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு பாரம் இருக்கும். வேலை செய்கிற இடத்தில் நடக்கிற அநியாயம் ஒன்று உங்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும். எழுதுங்கள், மடித்துப் போடுங்கள், ஆண்டவர் நிச்சயம் கேட்பார், தைரியமாக நம்புங்கள். போடுவதற்கு முன்னால் மட்டும், தயவுசெய்து, அந்தத் தாளை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.